என் புருஷன் பேரில் போட்ட மூன்று ஊசி

எனக்குப் பொம்பளச் சீக்கு இருக்கிறது என்று ஜெயிலில்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

படித்தவர்கள் அதை மேகநோய் என்பார்கள். எங்கள் எஸ்டேட்டில் அதற்குப் பொம்பளச் சீக்கு என்றுதான் பெயர். மலாய்க்காரர்களும் அவர்கள் பாஷையில் அப்படித்தான் சொன்னார்கள். ஆம்பளை எங்கேயோ போய் வாங்கி வருவான், வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பான், பெயர் மட்டும் பொம்பளைக்கு. எந்தப் புத்திசாலி இந்தப் பெயரை வைத்தானோ தெரியவில்லை. அவன் என் கையில் கிடைத்திருந்தால் நான் இன்னொரு தடவை ஜெயிலுக்குப் போயிருப்பேன்.

கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நாலு மாதத்தில் நான் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் சிரிக்கவில்லை, பின்னும் சிரிக்கவில்லை. வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வர, வார்டர் வந்து திட்டத் திட்டச் சிரித்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு இருபத்தாறு வயது. கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டின் பின்னால் என் புருஷன் சம்சு காய்ச்சினான். கள்ளச் சாராயம். ஒரு சனிக்கிழமை போலீஸ் வந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவன் குளிக்கிற இடத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். வீடு அவன் பெயரில் இருந்தது. அவன் ஜெயிலுக்குப் போனால் வேலையும் போகும், வீடும் போகும். நான் முன்னால் போய், "என்னோடதுதான்" என்று சொன்னேன். ஆறு மாதம் ஜெயில் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒழுங்காக இருந்தால் நாலு மாதத்தில் விடுவார்கள் என்றார்கள்.

உள்ளே போன முதல் நாள், துணி மாற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுத்தார்கள். எல்லாருக்கும் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து மிஸ்ஸி கூப்பிட்டனுப்பினாள். நர்சை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அவள் கோலா குபு பாருவில் பிறந்த தமிழ்ப் பெண். குட்டையாக இருப்பாள், குரல் மட்டும் மைதானத்துக்குக் கேட்கும்.

"கல்யாணமாகி எத்தனை வருசம்மா?"

"ஏழு."

"புள்ளைங்க?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"வயித்துல தங்கலியா, பொறந்து போச்சா?"

"ஒண்ணு ஏழாம் மாசம். இன்னொண்ணு பொறந்து அன்னைக்குச் சாயங்காலமே."

அப்போதுதான் அவள் சொன்னாள். உன் ரத்தத்தில் சீக்கு இருக்கிறது, வெளியே ஒன்றும் தெரியாமல் வருஷக்கணக்கில் இருக்கும், குழந்தை போனதற்கு அநேகமாக இதுதான் காரணம் என்று. மூன்று ஊசியில் போய்விடும் என்றாள். மூன்று ஊசி. ஏழு வருஷமாக என்னை ராசி கெட்டவள் என்று சொன்ன வாய்கள் எத்தனை. என் மாமியார் நல்ல காரியத்துக்குப் போகும்போது என்னைச் சமையல்கட்டில் நிற்கச் சொல்வாள், எதிரில் வரக்கூடாதென்று. மூன்று ஊசியில் தீர்கிற விஷயத்துக்கு நான் எத்தனை கோயிலில் மண்சோறு சாப்பிட்டிருப்பேன்.

"ஊசி போட்டா அப்புறம் புள்ள தங்குமா மிஸ்ஸி?"

"தங்கும். ஆனா உன் வீட்டுக்காரரும் போடணும். அவரு போடாம நீ வெளிய போயி அவரோட இருந்தா, மறுபடியும் இதே நாற்காலியில வந்து உக்காருவ. விளங்குதா?"

விளங்கியது. எனக்கு உள்ளே இன்னும் மூன்றரை மாதம் இருந்தது. அதற்குள் வெளியே அவன் மூன்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. எனக்கு ஒரு குழந்தை வேண்டும், உயிரோடு வேண்டும். வேறு எதைப் பற்றியும் அப்போது எனக்குக் கவலை இல்லை.

வியாழக்கிழமைதான் ஊசி நாள். என்னைப்போல சீக்கு இருந்தவர்கள் பதினோரு பேர். மலாய்க்காரி, சீனத்தி, தமிழச்சி எல்லாரும். காலையில் மிஸ்ஸி அறைக்கு வெளியே வரிசையாக நிற்க வேண்டும். மிஸ்ஸி நம்பர் படிப்பாள், ஒவ்வொருத்தியாகப் போவோம். எஸ்டேட்டில் விடியற்காலை கங்காணி மண்டோர் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டு மாதிரியே இருக்கும்.

"நம்ம மண்டோருகூட இவ்ளோ ஒழுங்கா ஆள் எண்ண மாட்டான்லா," என்றாள் எனக்கு முன்னால் நின்றவள்.

அவளுக்குப் பத்தாங் காலிப் பக்கம். நான் அக்கா என்று கூப்பிட்டேன். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் தொழில் செய்து பிடிபட்டவள். அதை மறைக்கவே மாட்டாள். முதல் நாளே என்னிடம் கேட்டாள்:

"ஒனக்கு எப்படி வந்துச்சு?"

"புருசன்கிட்ட இருந்து."

"எனக்குத் தொழில்ல வந்துச்சு, ஒனக்குத் தாலியில வந்துச்சு. நானாச்சும் அன்னைக்கே கைமேல காசு வாங்கிட்டேன்டி. நீ சும்மால்ல வாங்கியிருக்க!"

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். பின்னால் நின்ற சீனத்திக்குத் தமிழ் தெரியாது. என்ன என்று கேட்டாள். அக்கா மலாயில் எடுத்துச் சொன்னாள். அப்புறம் வரிசை முழுக்கச் சிரித்தது. உள்ளேயிருந்து மிஸ்ஸி கத்தினாள்: "ஊசி போட வந்தீங்களா, கல்யாணத்துக்கு வந்தீங்களா?"

அந்த ஊசி சாதாரண ஊசி இல்லை. மருந்து பால்போல் கெட்டியாக இருக்கும். பிட்டத்தில் போடுவார்கள். உள்ளே இறங்கும்போது யாரோ கல்லை வைத்துத் திணிப்பதுபோல் இருக்கும். அப்புறம் இரண்டு நாளைக்கு உட்கார முடியாது. எங்களுக்கோ மத்தியானம் தையல் வேலை. காலால் மிதிக்கிற மிஷின். வியாழக்கிழமை மத்தியானம் பதினோரு பேர் நின்றுகொண்டே ஒற்றைக் காலால் மிதித்துத் தைப்போம். நின்ற வாக்கில் குனிந்து தைத்தால் தையல் நேராகவா வரும்? கால்சட்டைகள் எல்லாம் கோணல். வியாழக்கிழமை தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொள்கிறவன் இடது பக்கமாகத்தான் நடப்பான் என்று அக்கா சொல்வாள். அதைச் சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டி நடந்து காட்டுவாள். வார்டர் ஒரு மலாய்க்காரி. முதலில் முறைத்தாள். அப்புறம் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

என் மூன்று ஊசியும் முடிந்த பிறகு என் புருஷன் முதல் தடவை பார்க்க வந்தான். கோலா சிலாங்கூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டும். நடுவில் கம்பிவலை. இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். அக்காவுக்கு அன்று அந்த நடைபாதையைப் பெருக்குகிற வேலை. பார்க்க வந்தவர்கள் போகும்வரை ஒரே இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"யோவ், ஒனக்குச் சீக்கு இருக்கு."

"எனக்கா? என்ன சீக்கு?"

"பொம்பளச் சீக்கு."

"நான் ஆம்பளடி."

"அதான்யா சொல்றேன். ஒங்கிட்ட இருந்துதான் எனக்கு வந்திருக்கு."

அவன் முகம் கறுத்தது. "உள்ள எவகிட்டயோ ஒட்டிக்கிட்டு எம்மேல போடுறியா?"

"வந்த அன்னைக்கே ரத்தம் எடுத்தாங்கய்யா. இந்த ஜெயில்ல நான் ஒரு வாய் தண்ணி குடிக்கல, அதுக்குள்ள எடுத்தாங்க. நீ எங்க போயி வாங்கின? சொல்லு."

"கிள்ளான்ல லோரியில வேல செஞ்சப்ப... அது கல்யாணத்துக்கு முன்னாடிலா!"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பம் நின்றது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்றுதான் போயிருந்தேன். ஆனால், "நம்ம ரெண்டு புள்ளையும் போனது இதனாலதான்," என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவன் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

"என்ன செய்யணும்?" என்று கேட்டான்.

மிஸ்ஸி எழுதிய கடிதத்தை வார்டர் வழியாகக் கொடுத்தேன். கோலா சிலாங்கூரில் ஒரு கிளினிக்குக்குப் போய்க் கொடுக்க வேண்டும், வாரம் ஒரு ஊசி, மூன்று வாரம், கார்டில் எழுதித் தருவார்கள், அடுத்த தடவை அந்தக் கார்டைக் கொண்டுவந்து காட்டு என்றேன். ஊசி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் கழுத்து உள்ளே போனது.

இதைச் சொல்லியாக வேண்டும். என் புருஷன் பாம்பைக் கையால் பிடிப்பான். தைப்பூசத்துக்கு ஒரு கன்னத்தில் குத்தி மறு கன்னத்தில் வருகிற மாதிரி வேல் போட்டுக்கொண்டு காவடி எடுப்பான், ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. ஆனால் எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிற டிரெசர் ஊசியை எடுத்தால் ஓடிவிடுவான். ஒரு தடவை நாய் கடித்தபோது மூன்று பேர் பிடித்தும் ஜன்னல் வழியாகக் குதித்தான். கேட்டால், "அது சாமி குத்துறது, இது மனுசன் குத்துறது" என்பான்.

ஒரு மாதம் ஓடியது. எங்கள் அறையில் வேறு பேச்சே இல்லை. போட்டிருப்பானா, மாட்டானா? மலாய்க்காரி ஒருத்தி போட்டிருப்பான் என்றாள். சீனத்தி மாட்டான் என்று பிஸ்கட் பந்தயம் கட்டினாள். என் புருஷனுடைய பிட்டத்தைப் பற்றி அத்தனை பெண்கள் அவ்வளவு அக்கறையாகப் பேசியதை அவன் கேட்டிருந்தால் அங்கேயே செத்திருப்பான்.

இரண்டாவது தடவை அவன் வந்தபோது கூடவே என் கொழுந்தனும் வந்தான். என் புருஷனுக்கு இரண்டு வயது இளையவன். முப்பது வயசு ஆள், கல்யாணம் ஆகவில்லை, எஸ்டேட் லோரியில் மூட்டை ஏற்றுகிறவன். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. மீசைகூட ஒரே மாதிரி. அண்ணன் எள் என்றால் எண்ணெயோடு நிற்பான்.

என் புருஷன் ஜம்மென்று வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். பையிலிருந்து கார்டை எடுத்துக் கம்பிவலையில் ஒட்டி வைத்துக் காட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று ஊசிக்கும் தேதி, கையெழுத்து, முத்திரை. மூன்றாவது ஊசி முந்தின நாள்தான் போட்டது.

கம்பிவலை மட்டும் இல்லாவிட்டால் அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

"வலிச்சுச்சாய்யா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு."

எறும்பு! எனக்கு அங்கேயே சுருக்கென்றது. ஆனால் சந்தோஷம் கண்ணை மறைத்தது.

அப்போது வார்டர் கொழுந்தனைப் பார்த்து, "டூடோக் லா!" என்று அதட்டினாள். உட்காரச் சொன்னாள். அவனுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. அவன் அந்த ஸ்டூலைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"பரவால்ல, நிக்கிறேன்."

"டூடோக்!"

அவன் மெதுவாகக் குனிந்தான். ஒரு பக்கத்தை மட்டும் ஸ்டூலின் ஓரத்தில் வைத்தான். "ஸ்ஸ்..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் எழுந்துவிட்டான். எழுந்து இரண்டு அடி நடந்தான். இடது பக்கமாக நொண்டிக்கொண்டு.

அந்த நடை எனக்குத் தெரியும். வியாழக்கிழமை நடை. அன்றும் நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கும் தெரியும். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"தம்பி," என்றேன். "என்ன ஒடம்புக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"எங்க வலிக்குது?"

"முதுகு அண்ணி. மூட்டை தூக்குனது."

"முதுகு அவ்ளோ கீழயா இருக்கு ஒனக்கு?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மேல்கூரையைப் பார்த்தான்.

"தம்பி, என்னைப் பாரு. கார்டுல இருக்குற மூணு ஊசியும் யாரு போட்டுக்கிட்டது?"

"அண்ணன் பேருலதான் அண்ணி."

"பேரக் கேக்கல. யாரோட பின்னாடியில?"

அவன் பாவம், பொய் சொல்லத் தெரியாதவன். "அண்ணந்தான் சொல்லுச்சு, கார்டு கொண்டுபோயி காட்டலன்னா அண்ணிய விட மாட்டாங்கன்னு. அண்ணன் தன்னோட அடையாளக் கார்டு ஐசிய குடுத்துச்சு. தன்னோட மோட்டார் சைக்கிள ஒரு மாசம் ஓட்டிக்கன்னும் சொல்லுச்சு. முதல் ஊசியிலேயே உயிர் போச்சு அண்ணி. மோட்டார்ல எங்க உக்கார்றது?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபத்தில் எழுந்தேன். கம்பிவலையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். வாயைத் திறந்தேன். வந்தது சிரிப்பு. நிறுத்தவே முடியவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கம்பியில் தன் அம்மாவைப் பார்க்க வந்திருந்த ஒரு பெண்கூட என்ன விஷயம் என்று தெரியாமல் சிரித்தாள். சீக்கே இல்லாத ஒருத்தன் மூன்று ஊசி வாங்கி நொண்டிக்கொண்டு நிற்கிறான். சீக்கு இருக்கிறவன் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான்.

"பேரு போட்டாச்சுல்ல," என்று என் புருஷன் முனகினான். "பேரு போட்டா போதாதா?"

அதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. நேரமும் முடிந்தது. வார்டர் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று இரவு சாப்பாட்டின்போது அறையில் பெரிய நாடகம். அக்கா கொழுந்தனாக நடித்தாள், சீனத்தி என் புருஷனாக நடித்தாள். தகரத் தட்டை ஸ்டூல் மாதிரி வைத்து, அதில் உட்காரமுடியாமல் அக்கா எழுந்த வேகத்தில் ஒருத்திக்குச் சோறு மூக்கில் ஏறிவிட்டது. சீனத்தி பந்தயத்துப் பிஸ்கட்டை எல்லாருக்கும் பங்கு வைத்தாள். நானும் சிரித்தேன். ஆனால் "பேரு போட்டா போதாதா" என்று அவன் கேட்டது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

ஏனென்றால் அதை அவனுக்குப் பழக்கியது நான்தான். கல்யாணமான புதிதிலிருந்து அவன் குடித்துவிட்டு எழுந்திருக்காத காலையில் பெரட்டுக்கு நான் போய், "பின்னால வர்றாரு" என்பேன். மண்டோர் அவன் பேரைப் போட்டுக்கொள்வார். அப்புறம் எனக்கு ஒதுக்கிய மர நிரையையும் அவன் நிரையையும் சேர்த்து நானே வெட்டுவேன். செக்ரோல் வருகைப் பதிவில் அவன் பேருக்கு நேராக முழுநாள் விழும். ஏழு வருஷத்தில் எத்தனை நாள் அப்படி. அப்புறம் சம்சுக்கும் நானே பேர் கொடுத்தேன். ஜெயிலுக்கும் வந்தேன். அவன் பேர் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். எல்லாமே அப்படித்தான் நடக்கும் என்று அவன் நினைத்ததில் என்ன அதிசயம்? கோபம் என் மேலேயே திரும்பியது. ரொம்ப நாளைக்கு அது அங்கேயே இருந்தது.

மிஸ்ஸியிடம் சொன்னேன். அவள் முதலில் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கடிதம் எழுதினாள்.

"இங்க பாரும்மா. அவரு போடாம நீ அவரு பக்கத்துல போவாத. போட்டு முடிச்சு ரத்தம் பாக்குறவரைக்கும் போவாத. ஊசிய ஒன் கண்ணால பாரு."

மூன்றாவது மாதம் என் புருஷன் வரவில்லை. பயந்துவிட்டான். விடுதலையாகிற நாளுக்கு முந்தின மத்தியானம் தையல் மிஷின் பக்கத்தில் அக்கா என் காதில் சொன்னாள்: "வீட்டுக்குப் போயிராதடி. வீட்டுக்குள்ள கால் வச்சா அவனோட ஆத்தா இருப்பா, சோறு இருக்கும், கட்டில் இருக்கும். நீ மறந்துருவ. நேரா ஊசிக்குப் போ." அவளுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. அவளைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. அதைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை.

கேட்டுக்கு வெளியே அண்ணனும் தம்பியும் நின்றார்கள். என் புருஷன் கையில் புதுப்புடவை. பூகூட வாங்கியிருந்தான். நான் பூவை வாங்கி வைத்துக்கொண்டேன். புடவையைப் பைக்குள் போட்டேன். கோலா சிலாங்கூர் வந்தது. எஸ்டேட்டுக்குப் போகிற பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவன் அதைப் பார்த்து நடந்தான். நான் எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

"ஏய், எங்கடி போற?"

"கிளினிக்கு."

"நாளைக்குப் போலாம்லா. அம்மா கோழி அடிச்சு வச்சிருக்கு."

"நீ வரலன்னா நான் பஸ் ஏறி எங்க அம்மா எஸ்டேட்டுக்குப் போறேன். கோழிய ஒன் ஆத்தாளே தின்னட்டும்."

வந்தான். கசாப்புக்குப் போகிற ஆடு மாதிரி வந்தான். கொழுந்தன் பின்னால் வந்தான்.

கிளினிக்கில் பெஞ்சு நிறைய ஆள். கைக்குழந்தையோடு பெண்கள், இருமுகிற கிழவர் ஒருத்தர், மீன் விற்கிற சீனர் ஒருத்தர். கடிதத்தையும் பழைய கார்டையும் கொடுத்தேன். ஊசி போடுகிற டிரெசர் வெளியே வந்து கார்டில் இருந்த பேரைக் கூப்பிட்டார். அண்ணனும் தம்பியும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.

டிரெசர் கார்டைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார். "ஒனக்குத்தான் முடிஞ்சு போச்சே. மறுபடியும் எதுக்கு வந்த?"

கொழுந்தன் இரண்டு கையாலும் பின்பக்கத்தை மூடிக்கொண்டான். "ஐயா, எனக்கு வேணாங்கய்யா! நான் இந்தப் பேரே இல்லைங்கய்யா!"

நான் விஷயத்தைச் சொன்னேன், பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி. சத்தம் போட்டுத்தான் சொன்னேன். ஏழு வருஷம் என்னைப் பற்றி ஊரே சத்தமாகப் பேசியது. டிரெசருக்கு முதலில் கோபம் வந்தது. தம்பியை ஒரு திட்டு திட்டினார். அண்ணனை இரண்டு திட்டு திட்டினார். அப்புறம் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். பெண்பிள்ளை வெளியே இரு என்றார். "என் கண்ணால பாக்காம போமாட்டேன்" என்றேன். மிஸ்ஸியின் கடிதத்தை மறுபடியும் படித்துவிட்டு, சரி நில் என்றார்.

ஊசியைப் பார்த்ததும் என் புருஷனுக்கு முகத்தில் வேர்வை ஊற்றியது. ஜன்னலைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். கதவுப் பக்கம் கொழுந்தன் நின்றான்.

"என்னால ஆவாதுடி."

"கன்னத்துல வேல் குத்திக்கிறியே!"

"அது சாமிடி!"

அதைக் கேட்டதும் கொழுந்தனுக்கு என்ன தோன்றியதோ, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "வேல்! வேல்!" என்று கத்தினான். தைப்பூசத்தில் அலகு குத்தும்போது கூட்டம் கத்துகிற அதே கத்தல். என் புருஷன் கண் அப்படியே நிலைகுத்தி நின்றது. நானும் சேர்ந்து கத்தினேன். "வேல்! வேல்!" வெளியே பெஞ்சில் இருந்த கிழவர் இருமலை நிறுத்திவிட்டு, "வெற்றி வேல்!" என்றார். குழந்தை வைத்திருந்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கிளினிக்கே அதிர்ந்தது. மீன்காரச் சீனர் எட்டிப் பார்த்துவிட்டு அவரும் கை தட்டினார்.

என் புருஷன் கையைக் கூப்பினான். பல்லைக் கடித்தான். டிரெசர் நேரத்தை வீணாக்கவில்லை. கால்சட்டையை இறக்கிக் குத்தினார். நான் பக்கத்தில் குனிந்து, மருந்து கடைசிச் சொட்டுவரை இறங்குவதைப் பார்த்தேன். பஞ்சை எடுத்து நானே அழுத்தினேன். தேவைக்கு மேலேயே கொஞ்சம் அழுத்தினேன்.

"எறும்பு மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டேன். அவன் நொண்டிக்கொண்டே கதவுப் பக்கம் நடந்தான்.

சாயங்காலப் பஸ்ஸில் எஸ்டேட்டுக்குப் போனோம். பஸ் முக்கால்வாசி காலி. நானும் கொழுந்தனும் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்தோம். என் புருஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எஸ்டேட்வரை நின்றுகொண்டே வந்தான்.

வீட்டில் அவனைத் தம்பியோடு முன்னறையில் படுக்கச் சொல்லிவிட்டு நான் உள்ளறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். மாமியார் முணுமுணுத்தாள். அவளை உட்காரவைத்து, இரண்டு குழந்தைகளும் ஏன் போயின என்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவள் மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், உட்கார முடியாமல். அதற்குப் பிறகு அவள் என்னைச் சமையல்கட்டில் நிற்கச் சொன்னதில்லை. மன்னிப்பும் கேட்டதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் கிளினிக்கில் "வேல் வேல்" நடந்தது. மூன்றாவது வாரம் டிரெசரே ஆரம்பித்து வைத்தார். அப்புறம் மாதக்கணக்கில் காத்திருந்து ரத்தம் பார்த்தார்கள். எனக்கும் பார்த்தார்கள், அவனுக்கும் பார்த்தார்கள். போதும், கவலையில்லை என்று சொன்ன அன்றுதான் தாழ்ப்பாளை எடுத்தேன்.

பெரட்டுக்கு அதன்பிறகு நான் அவனுக்காகப் பேர் கொடுக்கவில்லை. வராத நாளில் வரவில்லை என்றே சொன்னேன். மண்டோருக்கு ஆச்சரியம். இரண்டு மாதத்தில் அவன் எழுந்து வரப் பழகிவிட்டான். சம்சு அடுப்பை நானே இடித்தேன்.

எனக்கு மகள் பிறந்தாள். மூன்று கிலோவுக்கு மேல் இருந்தாள். பிறந்ததும் போட்ட சத்தத்தில் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் காலை என் புருஷன் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு மிஸ்ஸி தட்டோடு வந்து, "பிள்ளைக்குத் தடுப்பூசி போடணும்" என்றாள். தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தான். பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு எழுந்தவன் கதவைத் தாண்டி ஓடியே போய்விட்டான்.

மிஸ்ஸி பஞ்சை நனைத்தாள். வராந்தாவிலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அவன் குரல் மட்டும் கேட்டது.

"வேல்! வேல்!"